மிதிவண்டியிலிருந்து இறங்காத உரிமை



போரும் புதிய கருவிகளும் மனிதருக்கு விடுதலை தருமா என்பது இன்று நாம் எடுத்துக்கொண்டுள்ள வினா. விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. சுங்கை பெசாரிலிருந்து தெற்கே சென்றால் கோல சிலாங்கூர்; அதற்கும் தெற்கே கிள்ளான். அக்கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் 1941ஆம் ஆண்டு நிகழ்ந்த வேலைநிறுத்தத்தைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

அப்போது ஐரோப்பாவில் போர் மூண்டிருந்தது. போருக்கு இரப்பர் வேண்டும்; இரப்பருக்குப் பால்மரம் சீவும் கைகள் வேண்டும். தம் உழைப்பு எவ்வளவு தேவைப்படுகிறது என்பதைத் தொழிலாளர் உணர்ந்துகொண்ட காலம் அது. 'தமிழ் நேசன்' இதழின் துணையாசிரியர் ஆர்.எச். நாதன், கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் வழியாக அவர்களை ஒன்றுதிரட்டினார்.

அவர்கள் கேட்டவை எவை? சீனத் தொழிலாளர்க்கு இணையான ஊதியம், பிள்ளைகளுக்குக் கல்வி, முறையான மருத்துவம், கள்ளுக்கடை மூடல், பெண்களுக்குப் பாதுகாப்பு, பேசவும் கூடவும் உரிமை. இவற்றோடு இன்னொன்றும் இருந்தது: துரைமாரும் கிராணிமாரும் எதிரே வரும்போது மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும்.

மொழியியல் பயின்ற நமக்கு இக்கோரிக்கையே மிக முதன்மையாகப் படுகிறது. மிதிவண்டி வைத்திருந்தவன் பட்டணத்திற்குப் போகலாம். செய்தித்தாள் வாங்கி வரலாம். அடுத்த தோட்டத்துச் செய்தியை அன்று மாலையே தன் லயத்திற்குக் கொண்டுவரலாம். ஆனால் துரையைக் கண்டதும் அவன் இறங்கி நிற்க வேண்டும். 'வா', 'வாருங்கள்' என்னும் விகுதி வேறுபாடு நாவில் எதைச் செய்கிறதோ, அதையே இந்த இறக்கம் உடலில் செய்தது. கருவி அவனுக்கு வேகத்தைக் கொடுத்தது. மதிப்பை அவனே கேட்டுப் பெற வேண்டியிருந்தது.

கேட்டதற்கு விலை இருந்தது. 1941 மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டுப் பின்னர் நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் மாண்டனர்.

அவ்வாண்டு டிசம்பரில் போர் மலாயாவுக்கே வந்தது. துரைமார் தோட்டங்களை விட்டகன்றனர். ஆனால் துரை போனதனால் விடுதலை வந்துவிடவில்லை. 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம் மரண இரயில் பாதைக்குத் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் கொண்டுசெல்லப்பட்டனர், திரும்பாதவர் பலர். 1943 அக்டோபரில் அப்பாதையின் இரு முனைகளும் இணைந்தன. அதே மாதத்தில்தான் சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார். ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்களும் துப்பாக்கி ஏந்தினர். அவர் குரலை வானொலி கடல் கடந்து கொண்டுசென்றது.

ஒரே போர், ஒரே மக்கள். தண்டவாளம் அவர்களைப் புதைத்தது. வானொலி அவர்களை நிமிரச் செய்தது. தண்டவாள வேலைக்குத் தப்புவதற்கே படையில் சேர்ந்தோரும் உண்டு என்பதை நாம் மறைக்கலாகாது. ஆயினும் ஒருமுறை நிமிர்ந்த தலை பழையபடி குனிய மறுத்தது. போருக்குப் பின் தொழிற்சங்கங்கள் எழுந்தன. 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் உருவாயிற்று.

இவ்விடத்தில் எம் இளமை நினைவு ஒன்று. எம் தோட்டத்து முதியவர் ஒருவர், கிராணியைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கிவிடுவார். அவரை அப்படிச் செய்யச் சொல்வார் அப்போது எவருமில்லை. "ஏன் தாத்தா இறங்குகிறீர்கள்?" என்று கேட்டோம். "காலு தானா இறங்குதுய்யா" என்றார். உரிமை வந்து கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் அவர் கால்களுக்கு அச்செய்தி எட்டவில்லை.

மாணவர்களே, இன்று உங்கள் கையில் இருக்கும் கைப்பேசி, அன்றைய மிதிவண்டியையும் செய்தித்தாளையும் வானொலியையும் ஒருங்கே கொண்டது. இன்றைய போர்களிலோ ஆளில்லா வானூர்திகள் பறக்கின்றன. கருவி யாரை இறங்கச் செய்கிறது, யாரை ஏறிச் செல்ல விடுகிறது என்னும் கேள்வி மட்டும் மாறவில்லை.

தமிழில் 'நாங்கள்' என்பது கேட்பவரை விலக்கும். 'நாம்' என்பது கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும். 1941இல் தொழிலாளர் துரையின் முன் 'நாங்கள்' என்றுதான் பேச முடிந்தது. எல்லாரும் அச்சமின்றி 'நாம்' என்று பேசக்கூடிய சமுதாயமே விடுதலை பெற்ற சமுதாயம். ஆசிரியப் பெருமக்களே, அதற்கான முதற்பயிற்சி வகுப்பறையில்தான் நடைபெற வேண்டும். கேள்வி கேட்க எழும் மாணவனின் கால்கள் நடுங்காதிருக்கட்டும்.