ஓரெழுத்தில் ஒரு சொல்
(மன்றக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

சொல் விளையாட்டில் ஆர்வமுள்ள இளைஞர் பலர் நம்மிடையே உண்டு. ஆங்கிலத்தில் ‘ஸ்கிராபிள்’ ஆடுவோர் ஈரெழுத்துச் சொற்களைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்வார்கள். கட்டங்கள் நெருங்கும்போது கைகொடுப்பவை அவையே. பொருள் தெரிய வேண்டுமென்ற கட்டாயம் அந்த ஆட்டத்தில் இல்லை. 2015 இல் பிரெஞ்சு மொழி ஸ்கிராபிள் உலகப் போட்டியில் நியூசிலாந்தைச் சேர்ந்த நைஜல் ரிச்சர்ட்ஸ் வென்றார். அகராதிச் சொற்களை மனத்தில் ஏற்றியிருந்த அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது! அவருடைய நினைவாற்றல் வியக்கத்தக்கதே. ஆயினும் நம் மொழியை நாம் அப்படிக் கற்கலாமா?

தமிழில் ஓரெழுத்தே சொல்லாக நிற்கும். அவற்றை 42 என்று எண்ணிச் சொன்னது, 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல். உயிரில் 6, மகரத்தில் 6, தகர, பகர, நகர வரிசைகளில் ஐந்தைந்தாக 15, ககர, சகர, வகர வரிசைகளில் நந்நான்காக 12, யகரத்தில் ‘யா’ ஒன்று. இந்த 40 சொற்களும் நெடில். ‘நொ’, ‘து’ என்ற இரண்டு மட்டும் குறில்.

பூ, தீ, கை ஆகியவை குழந்தைக்கும் தெரியும். அரியவை சில சொல்கிறேன்: ஏ என்றால் அம்பு, ஊ, இறைச்சி, சே, எருது, சோ, மதில், வீ, மலர், கூ, பூமி, நே, அன்பு, யா, ஒரு மரம், வௌ, கவர்ந்துகொள், நொ, துன்பப்படு, து, உண்.

இவையெல்லாம் புலவர் வீட்டுச் சொத்து என்று எண்ணிவிடாதீர்கள். கா என்பதற்குச் சோலை, காப்பாற்று என்ற பொருள்களோடு, தோளில் சுமை தாங்கும் தண்டு என்ற பொருளும் உண்டு. கதிர்காமத்துக்குக் காவடி எடுப்பவர் தோளில் அந்தச் சொல் இருக்கிறது. கோ என்றால் அரசன், தலைவன். நாம் கும்பிடும் கோயிலில் அது இருக்கிறது. “கொழுந்தெடுத்துக் கை நோகுது” என்று நம் மடுல்சீமைத் தாய் ஒருத்தி சொல்லும்போது, 42 இல் இரண்டு அவள் வாயில் வந்துவிடுகின்றன: கை, நோ. பள்ளிக்கூடம் காணாதவளாயினும், அவள் பேசுவது நன்னூல் எண்ணிய தமிழே. தோட்டத்துப் பேச்சைத் தாழ்வாக எண்ணும் இளைஞர் இதை மறக்கலாகாது.

பொருள் கேளாமல் எழுத்தை மட்டும் பிடித்தால் ஏமாறவும் நேரும். தே என்றால் தெய்வம். ஆனால் தேயிலையின் ‘தே’ அதுவன்று. சீனத்து ஃபூஜியன் கரையோரப் பேச்சிலிருந்து கடல் கடந்து வந்தது. ஒலி ஒன்று, சொல் இரண்டு.

ஆகவே ஒரு விளையாட்டைச் சொல்கிறேன். 42 எழுத்துகளையும் சீட்டுகளில் எழுதிக் குலுக்குங்கள். சீட்டை எடுப்பவர் பொருள் சொல்லி, ஒரு வாக்கியமும் அமைக்க வேண்டும். இரண்டாவது பொருள் சொன்னால் மேலும் ஒரு புள்ளி. பெரியோர்களே, நீங்கள் நடுவராக இருங்கள். உங்கள் பேச்சில் வழங்கும் சொற்கள் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரட்டும். லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்தே ஆடலாம். செலவு ஒரு தாள்தான்.

வெற்றி யாருக்கானாலும், எழுந்து போகும்போது ஒவ்வொருவரும் ஒரு சொல்லையாவது பொருளோடு கொண்டு போகட்டும்.