நிலை வைப்பதற்கு முன்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





வரவு செலவுக் கணக்கு வாசித்து முடிந்ததும் இமாம் சிறிது நேரம் பேசுவது நம் ஜமாஅத்தின் வழக்கம். இவ்வாண்டு நாம் எடுத்துக் கொண்டிருக்கும் பொருள் வீடு கட்டுதல். இது கொத்தனாரும் பொறியாளரும் பேச வேண்டிய பேச்சாயிற்றே என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் அஸ்திவாரம் போடும்போதும், நிலை வைக்கும்போதும், குடிபுகும்போதும் துஆ ஓத நம்மைத்தான் அழைக்கின்றீர்கள். அவ்வாறு அழைக்கப்பட்ட ஓரிடத்தில் நாம் கண்டதே இப்பேச்சுக்குக் காரணம்.

அன்று நிலை வைக்கும் நாள். தகப்பனார் வெளிநாட்டிலிருந்து ஒரு மாத விடுப்பில் வந்திருந்தார். அவருடைய ஏழு வயது மகன் சுவரைப் பிடித்தபடி, குதிகால் தரையில் படாமல் நடந்து வந்து நமக்கு ஸலாம் கூறினான். அவனுக்கு டுஷேன் எனப்படும் தசைச்சிதைவு நோய் இருப்பதை மருத்துவர்கள் உறுதி செய்து ஓராண்டு ஆகியிருந்தது. முற்றத்தில் சாத்தி வைத்திருந்த நிலைகளில் குளியலறைக்குரியது இரண்டரை அடி அகலம். பிள்ளை பெரியவனானதும் இதில் எப்படி நுழைவான் என்று கேட்டோம். தகப்பனார் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அவன் இப்போது நடக்கிறானே, ஹழ்ரத்" என்றார்.

அந்தத் தகப்பனாரின் மனத்தை நாம் அறிவோம். இப்போதே சக்கர நாற்காலிக்கு இடம் விட்டுக் கட்டினால், வரப்போவதை நாமே வரவேற்பது போலாகிவிடுமே என்னும் அச்சம் அது. சகுனம் பார்ப்பது மார்க்கத்தில் இல்லை என்று எத்தனையோ பயான்களில் கேட்டவர்கள்தாம் நாம் அனைவரும். சொந்தப் பிள்ளை என்று வரும்போது மனம் தடுமாறுகிறது. அதைக் குறை கூற நமக்கு வாய் வரவில்லை. ஆயினும் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதே நமக்குக் கற்பிக்கப்பட்ட முறை.

இந்நோயைப் பற்றிச் சிறிது கூறியாக வேண்டும். இது பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கே வருவது. மூன்று முதல் ஐந்து வயதுக்குள் அறிகுறிகள் தெரியும். தரையிலிருந்து எழும் பிள்ளை தன் தொடையில் கையூன்றி ஏறுவது போல எழுவான். மருந்துகள் நடக்கும் காலத்தைச் சற்று நீட்டுகின்றன. எனினும் 12 வயதையொட்டிப் பெரும்பாலோர் நாற்காலிக்கு வந்து விடுகின்றனர். பின்னர் கைகளும், அதன் பின் மூச்சு விடும் தசைகளும் தளரும். முன்பு இருபது வயதைக் காண்பதே அரிதாயிருந்தது. இன்று தக்க சிகிச்சையாலும் சுவாசக் கருவியாலும் முப்பதைக் கடந்து வாழ்வோர் உள்ளனர். மரபணுவில் ஏற்படும் ஒரு மாற்றத்தால் வருவது இது. பெற்ற தாயைப் பழித்துப் பேசும் மாமியார்கள் அருள்கூர்ந்து நாவை அடக்கிக் கொள்ள வேண்டும்.

ஆகவே, கட்டப்படும் வீடு ஏழு வயதுச் சிறுவனுக்கானது அன்று. அவ்வீட்டில் வாழப்போகிறவர் இருபத்தைந்து வயது வாலிபர். இதை மனத்தில் இருத்தாமல் போடப்படும் எந்த வரைபடமும் பத்தாண்டுகளில் பயனற்றுப் போகும்.

இன்று அவனைத் தூக்குவது எளிது. இருபது கிலோ எடை. பதினைந்து வயதில் அவன் ஐம்பது கிலோ இருக்கலாம். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கு, அங்கிருந்து குளியலுக்கு, மீண்டும் கட்டிலுக்கு என்று நாளொன்றுக்கு எட்டுப் பத்து முறை தூக்க வேண்டியிருக்கும். தகப்பனார் கடல் கடந்து இருக்கிறார். தூக்குகிறவர் தாய். அவருடைய முதுகு எத்தனை ஆண்டு தாங்கும்? தாயின் முதுகு முறிந்த அன்று பிள்ளை படுக்கையோடு படுக்கையாகிறான். வீட்டின் அளவுகள் தாயின் முதுகுக்காகவும்தான் என்பதைச் செலவுக் கணக்குப் பார்க்கும் ஆண்கள் எண்ண வேண்டும்.

இனி அளவுகளுக்கு வருவோம். பெரியவர்களுக்கான சக்கர நாற்காலியின் அகலம் சுமார் 26 அங்குலம். இரண்டரை அடி நிலையில் இருபுறச் சட்டங்களும் போக எஞ்சுவது 24 அங்குலம். கணக்கு இவ்வளவுதான், இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. நாற்காலி சக்கரத்தைத் தள்ளுகிற கைகளோடு நுழைய 3 அடித் திறப்பு வேண்டும். அதற்கு நிலையின் வெளி அளவு மூன்றரை அடி. தலைவாசலுக்கு மட்டுமன்று, அவன் போக வேண்டிய ஒவ்வோர் அறைக்கும் இதுவே அளவு. நிலை வைக்கும்போது கூடுதலாவது சிறிது மரம். பிறகு சுவரை உடைத்து மாற்றுவதாயின் செலவு பன்மடங்காகும். கீழ்ச்சட்டம் இல்லாத நிலையாகச் செய்யுங்கள். அரை அங்குல மேடு கூட முன்சக்கரத்தைத் தடுத்துப் பிள்ளையை முன்னே சாய்த்து விடும். நாற்காலி ஒரே இடத்தில் முழுவதும் திரும்புவதற்கு 5 அடி விட்டமுள்ள வெறுந்தரை வேண்டும். படுக்கையறையிலும் குளியலறையிலும் இந்த ஐந்தடியைக் கட்டில், பீரோ, வாளி எதுவும் ஆக்கிரமிக்கக் கூடாது.

வாசலில் சாய்தளம். ஓர் அடி உயரத்திற்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது பொதுவாக ஏற்றுக் கொள்ளப்பட்ட அளவு. தெருவில் சாலை போடுந்தோறும் தரை உயர்வதால் நம்மவர்கள் பேஸ்மட்டத்தை மூன்றடி, நான்கடி என்று ஏற்றிக் கொண்டே போகின்றனர். மூன்றடி ஏறினால் சாய்தளம் 36 அடி! அவ்வளவு இடம் முன்வாசலில் எந்த வீட்டில் இருக்கிறது? எனவே பக்கவாட்டுச் சந்தை முன்கூட்டியே நான்கடிக்குக் குறையாமல் விட்டு, வீட்டை ஒட்டியவாறு அதைச் சுற்றிக் கொண்டு போகலாம். திரும்பும் இடத்திலும் மேலே கதவின் முன்பும் ஐந்தடிச் சமதளம் வேண்டும். ஓரங்களில் சக்கரம் நழுவாதபடி சிறு கட்டும், இருபுறமும் கைப்பிடியும் வேண்டும். ஸ்கூட்டர் ஏற்றுவதற்குச் செங்குத்தாகப் பூசி வைக்கும் சறுக்கைச் சாய்தளம் என்று எண்ணி ஏமாற வேண்டாம். அதில் நாற்காலியைத் தள்ளுகிறவரும் சேர்ந்து விழுவார். பளபளக்கும் கிரானைட்டும் வேண்டாம். மழையில் சொரசொரப்பான தரையே காக்கும்.

அறை எங்கே இருக்க வேண்டும் என்பதில்தான் நமக்கு மிகுந்த கவலை. கீழ்த்தளத்தை வாடகைக்கு விட்டுவிட்டு மேலே குடியேறும் வழக்கம் பெருகியுள்ளது. இத்தகைய பிள்ளை உள்ள வீட்டில் அது கூடாது. கீழேயே இருந்தாலும், சமையற்கட்டுக்குப் பின்னால் ஓர் அறையை ஒதுக்கி, விருந்தினர் வந்தால் பிள்ளையை அங்கே தள்ளிக் கதவைச் சாத்தும் வீடுகளையும் நாம் கண்டிருக்கிறோம். குறைஷித் தலைவர்களோடு பேசிக் கொண்டிருந்த வேளையில் வந்த கண்பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை முன்னிட்டே அபஸ என்னும் 80ஆவது அத்தியாயம் அருளப்பட்டது. பின்னாளில் மதீனாவின் பொறுப்பே பலமுறை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்த அத்தியாயத்தை ஓதக் கேட்பவர்கள் பிள்ளையைப் பின்கட்டில் வைக்கலாமா? அவனுடைய அறைக் கதவு கூடத்தை நோக்கித் திறக்கட்டும். சன்னலின் அடி விளிம்பு இரண்டரை அடிக்கு மேல் போகாமல் இருக்கட்டும். உட்கார்ந்தபடியே தெருவையும் பள்ளிக்குச் செல்லும் தோழர்களையும் அவன் காண முடியும்.

குளியலறை அவனுடைய அறையை ஒட்டியே அமைய வேண்டும். பருவமடைந்த மகனைத் துண்டைச் சுற்றிக் கூடத்தின் வழியே தூக்கிச் செல்வது அவனுடைய ஹயாவுக்கு இழுக்கு. அந்த வயதில் அவன் வாய்விட்டுச் சொல்ல மாட்டான். நாம்தாம் உணர வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்கவோ பக்கவாட்டில் நகரவோ வேண்டும். தரை ஒரே மட்டமாக, நீர் வடியச் சிறு சரிவுடன், வழுக்காத டைல்ஸ் பதித்ததாக இருக்க வேண்டும். கழிப்பறையின் இருக்கையும் கட்டிலும் நாற்காலியின் உயரத்திற்கு, அதாவது சுமார் 18, 19 அங்குலத்திற்கு, ஒத்திருந்தால் தூக்குவது நகர்த்துவதாக மாறும். கைப்பிடிக் கம்பிகளை டைல்ஸில் மட்டும் திருகி வைத்தால் பிடுங்கிக் கொண்டு வரும். சுவர் எழும்போதே அவற்றுக்குரிய இடத்தைக் குறித்து உறுதிப்படுத்த வேண்டும். கைகழுவும் தொட்டிக்குக் கீழே தூண் இல்லாமல் முழங்கால் நுழைய இடமிருந்தால், கைகளில் வலுவிருக்கும் வரை அவனே ஒளூச் செய்து கொள்வான். திருகும் குழாய் வேண்டாம். நெம்பித் திறப்பதே ஏற்றது.

தளம் போடும் முன் பொறியாளரிடம் இன்னொன்றைக் கேளுங்கள். கட்டிலுக்கு மேலும் கழிப்பறைக்கு மேலும், பின்னாளில் ஆளைத் தூக்கும் கருவி மாட்டுவதற்காக, தளத்தின் கம்பியோடு பின்னிய வலுவான கொக்கிகளை விட்டு வைக்க முடியும். மின்விசிறிக் கொக்கி இதற்கு உதவாது. எடையைக் கணக்கிட்டுச் சொல்ல வேண்டியவர் பொறியாளர். கட்டிலருகே இன்வர்ட்டர் இணைப்போடு மின்முனைகளும் வேண்டும். இரவில் சுவாசக் கருவி பொருத்தும் காலம் வந்தால் மின்தடை விளையாட்டன்று. இரவில் பலமுறை அவனைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டியிருக்கும் என்பதால் பெற்றோர் அறை கூப்பிடு தொலைவில் இருக்கட்டும்.

தெருவில் போய் வந்த சக்கரம் நஜீஸ் ஆயிற்றே, தொழும் இடத்திற்கு எப்படிக் கொண்டு வருவது என்று சிலர் நம்மிடம் கேட்டதுண்டு. சாய்தளத்தின் மேல் முனையில் ஒரு குழாயும் துணியும் வையுங்கள். கழுவித் துடைத்து உள்ளே வரட்டும். இதைக் காரணம் காட்டிப் பிள்ளையை வாசலோடு நிறுத்த வேண்டாம்.

மூளை முடக்குவாதம், முதுகுத் தண்டுக் குறைபாடு உடைய பிள்ளைகளின் தேவை சிறிது வேறுபடும். பிள்ளையைப் பார்க்கும் செயல்முறை மருத்துவரிடம் வரைபடத்தைக் காட்டுவதே முறை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு நிலையம் 1966இல் தொடங்கப்பட்டது. அதற்கு வித்திட்ட டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் விபத்தில் கால்கள் செயலிழந்து, நாற்காலியில் அமர்ந்தே அறுவை சிகிச்சை செய்தவர். தென்காசி அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் 1981 முதல் பணியாற்றி வருகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தசைச்சிதைவையும் பெயர் சொல்லி ஏற்றுள்ளது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் நாற்காலிக்கும் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்க, ஜமாஅத் அலுவலகத்தில் மனு எழுதித் தரப்படும்.

ஜமாஅத்தார் முன் இரண்டு வேண்டுகோள்கள். சாய்தளம் தெருவில் இறங்கக் கூடாது. அது பிறர் நடக்கும் வழி. ஆனால் நம் பழைய தெருக்களில் இரு வீட்டாருக்கும் உரிய பொதுச் சந்துகள் உள்ளன. அங்கே ஒரு வீட்டார் பிள்ளைக்காக இரண்டடி கேட்டால், பத்திரத்தை எடுத்துக் கொண்டு அலுவலகத்திற்கு வராமல், முதலில் அந்தப் பிள்ளையைப் போய்ப் பார்த்து வாருங்கள். மற்றொன்று, பள்ளிவாசலின் தெற்கு வாசலில் சாய்தளமும், ஹவுளுக்கு அருகே நாற்காலி நுழையும் ஒளூ இடமும் அமைக்கும் தீர்மானம் இன்று உங்கள் முன் வைக்கப்படுகிறது. வீட்டில் வாசல் அமைத்துக் கொடுத்து, ஜும்ஆவுக்கு வந்தவனைப் படியில் நிறுத்துவது எப்படி?

முதலில் கூறிய வீட்டில் அன்று நிலை வைக்கவில்லை. மூன்று நிலைகளை ஆசாரி திருப்பி எடுத்துப் போனார். பதினெட்டு நாட்கள் கழித்துப் புதிய நிலைகள் வந்தன. தகப்பனாரின் விடுப்பு முடிந்து விட்டதால் பிள்ளையின் பாட்டனாரே முன்னின்று வைத்தார்.

வீடு கட்ட எண்ணியிருப்போர் வரைபடம் போட்டவுடன், அஸ்திவாரம் தோண்டும் முன்பே, அஸர் தொழுகைக்குப் பின் நம்மை வந்து பாருங்கள். நம் மஹல்லாவின் பொறியாளர் ஒருவர் கட்டணமின்றிப் பார்த்துத் தர இசைந்துள்ளார். வரும்போது பிள்ளையின் நாற்காலியை அளந்து எழுதிக் கொண்டு வாருங்கள். தாய்மார்களையும் உடன் அழைத்து வாருங்கள்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.