அறுவைக்குப் பின் வரும் செலவு
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

புலவர் பெருமக்கள் பேசி அமர்ந்த இம்மேடையில், பள்ளியிறுதி வகுப்போடு நின்று, இருப்புப்பாதை நிலையத்தில் பயணச்சீட்டுக் கணக்கெழுதும் எனக்கும் கால்மணி நேரம் அளித்தீர்கள். இலக்கியம் பேச எனக்குத் தகுதியில்லை. கணக்குப் பேச வந்திருக்கிறேன். பெற்றோரின் உறுப்பு மாற்று அறுவைக்குப் பொருள் திரட்டும் கணக்கு அது.

சிறுநீரகம் முற்றும் பழுதுற்றவர்க்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள் பொறியில் குருதியைத் தூய்மை செய்ய வேண்டும். அதனினும் மேலான வழி மாற்றுச் சிறுநீரகம். 1954இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், உடன்பிறந்த இரட்டையரிடையே வெற்றி கண்ட அம்முறை, 1971இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்துவிட்டது. பங்காருப்பேட்டையில் வண்டியேறிக் காட்பாடியில் இறங்கினால் வேலூர். ஆகவே இடம் எட்டாததன்று, செலவே எட்டாதது.

நம் முன்னோர் வடஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் இங்கு வந்து, பத்தாயிரம் அடி ஆழம் வரை இறங்கிப் பொன் எடுத்தனர். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. இன்று அவர்தம் பிள்ளைகள் விடியுமுன் மாரிக்குப்பம் வண்டியில் பெங்களூர் சென்று, இருட்டிய பின் திரும்புகின்றனர். பொன் எடுத்த ஊரில் அடகு வைக்கப் பொன் இல்லாத வீடுகள் பல.

அதே பிப்ரவரியில் சென்னையில் ஓர் ஆய்வு நடந்தது. சிறுநீரகத்தை விற்ற 305 பேரைக் கண்டு கேட்டனர். நூற்றுக்கு 96 பேர் கடன் தீர்க்கவே விற்றதாகக் கூறினர். ஆயினும் நால்வரில் மூவர் அப்போதும் கடனாளிகளாகவே இருந்தனர். குடும்ப வருவாயும் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 1994ஆம் ஆண்டுச் சட்டம் உறுப்பு விற்பனையைக் குற்றமாக்கியது. தரகன் ஒருவன் நயமாகப் பேசி வந்தால் வாயிலிலேயே நிறுத்துங்கள்.

என் தந்தையார் சாம்பியன் ரீப் சுரங்கத்தில் உழைத்து ஓய்ந்தவர். மாற்றுச் சிறுநீரகமே வழி என்று மருத்துவர் கூறியபோது, "பிள்ளையின் உடம்பை அறுத்து நான் பிழைப்பதா?" என்று மறுத்துவிட்டார். என் அன்னையார் அவரைக் கேளாமலே பரிசோதனைக்குச் சென்றார். உயிரோடிருந்து உறுப்பு ஈவோரில் நம் நாட்டில் பெண்களே மிகுதி. அதை யாரும் வியப்பதும் இல்லை! பொருளோ, பலரும் கொடுத்துச் சேர்ந்தது. தந்தையாரோடு சுரங்கத்தில் இறங்கிய முதியவர் ஒருவர் தம் மருந்துக்கு வைத்திருந்த இருநூறு ரூபாயை நீட்டினார். வேண்டாமென்றேன், சினந்துகொண்டார்.

அறுவை நன்கு முடிந்ததென்ற செய்தி லைன் முழுவதும் பரவிற்று. அன்றோடு வசூலும் நின்றது. யாரையும் குறை கூறேன். நோய் தீர்ந்ததென்றே எல்லோரும் எண்ணினர். ஆனால் உடல், மாற்றுச் சிறுநீரகத்தை அயலானாகவே கருதும். அதை வெளியேற்ற முயலும் எதிர்ப்பை அடக்க, டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட் முதலிய மாத்திரைகளை அச்சிறுநீரகம் உழைக்கும் காலமெல்லாம் நாளும் வேளையும் தவறாது உட்கொள்ள வேண்டும். பணமில்லையென்று சில நாள் நிறுத்தினால், ஊர் கூடிப் பொருத்திய உறுப்பே பாழாகலாம். தொடக்க மாதங்களில் மருத்துவமனைக்கருகே வாடகை அறை, அடிக்கடி குருதிச் சோதனை, துணையிருக்கும் மகனுக்குச் சம்பளமில்லா விடுப்பு. உறுப்பு ஈந்த அன்னையும் வாரக்கணக்கில் குடம் தூக்கலாகாது. ஒரே வீட்டில் நோயாளர் இருவர்; உலை வைப்பவர் யார்?

புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கங்களில் மொய் விருந்து வைத்துப் பொருள் திரட்டுவர். எழுதி வாங்கியதைத் திருப்பிச் செய்தல் அதன் முறை. நோய்க்கு அது பொருந்தாதென்பது என் கருத்து. பிழைத்தெழுந்தவர் மொய்ப் புத்தகத்துக்கு அஞ்சலாகாது. கைப்பேசி வழியே முன்பின் அறியாதாரிடமும் நிதி திரட்டும் நிறுவனங்கள் உள்ளன; 2010இல் தோன்றிய பெங்களூர் மிலாப் அவற்றுள் ஒன்று. பயனுடையதே. எனினும் படுக்கையில் கிடக்கும் படத்துக்கு இரங்குவோர், எழுந்து நடப்பவரின் மாத்திரைக்கு அவ்வளவு இரங்குவதில்லை. கருநாடக அரசின் மருத்துவ உதவித் திட்டம், பிரதமரின் தேசிய நிவாரண நிதி ஆகியவற்றுக்கும் அறுவைக்கு முன்பே விண்ணப்பித்தல் வேண்டும்.

ஆகவே நம் சங்கத்தை ஒன்று கேட்கிறேன். அறுவைக்கு மொத்தமாகக் கொடுப்பதோடு, அதன்பின் ஓராண்டுக்கு வீட்டுக்கு மாதம் இருபது ரூபாய் வீதம் திரட்டுவோம். அதனை நோயாளர் கையில் தராமல் மருந்துக்கடைக் கணக்கில் நேரே செலுத்துவோம். வரவு செலவைச் சங்கப் பலகையில் மாதந்தோறும் ஒட்டுவோம். அடுத்த பொதுக்குழுவில் இதனை எடுத்துக்கொள்ளத் தலைவர் அவர்களை வேண்டுகிறேன்.

இறுதியாக என் இலாகாச் செய்தி. சிறுநீரக மாற்று அறுவைக்கோ குருதித் தூய்மைக்கோ செல்லும் நோயாளர்க்கும் துணையாள் ஒருவர்க்கும் இரண்டாம் வகுப்பிலும் படுக்கை வகுப்பிலும் கட்டணத்தில் 75 விழுக்காடு சலுகை உண்டு. 2020இல் பல சலுகைகள் நிறுத்தப்பட்டபோதும் இது நிற்கவில்லை. உரிய படிவத்தில் மருத்துவமனையின் கையொப்பமும் முத்திரையும் வேண்டும். மாதிரிப் படிவம் இருபது பிரதி கொண்டு வந்திருக்கிறேன்; வாயிலருகே மேசைமேல் உள்ளது.