சுருட்டை முடியும் அதைச் சுற்றிய சொற்களும்



ரம்புத்தான் பழத்துக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று என்றாவது யோசித்திருக்கிறீர்களா? மலாய் மொழியில் ரம்புட் என்றால் முடி. முடி முளைத்த பழம், ஆகவே ரம்புத்தான். அதே மொழியில் நன்றாகச் சுருண்ட முடிக்குக் கெரிந்திங் என்றும், இலேசாக வளைந்து நெளிந்த முடிக்கு ஈக்கால் என்றும் தனித்தனிச் சொல் உண்டு. நம்மிடமும் சொல்லுக்குப் பஞ்சமில்லை. கோரை முடி, நெளி முடி, சுருட்டை முடி என்று பிரித்துத்தான் பேசுகிறோம். கூந்தலை ஐந்து வகையாக முடிப்பதை ஐம்பால் என்று சொன்ன முன்னோர், அவற்றில் ஒன்றுக்குச் சுருள் என்றே பெயர் வைத்தார்கள். ஆனால் வீட்டில் சுருட்டை முடியோடு ஒரு பெண் பிள்ளை வளரும்போது மட்டும் இவையெல்லாம் மறந்துபோய், பரட்டை என்ற ஒரே சொல்தான் வாயில் வருகிறது.

எங்களுக்குத் தெரிந்த ஒரு தோட்டத்து வீட்டில் நடந்ததைச் சொல்கிறோம். பன்னிரண்டு வயதுப் பெண். அம்மா விடியுமுன்னே வேலைக்காட்டுக்குப் புறப்பட வேண்டும். அந்த அவசரத்தில் மகளை முன்னால் உட்கார வைத்து, காய்ந்த தலையில் உச்சியிலிருந்து சீப்பை வைத்து இழுப்பார். பிள்ளை அழும். சீப்பில் ஒரு கொத்து முடி வரும். பள்ளிக்கூடத்தில் பரட்டை என்று கேலி வேறு. கடைசியில் அந்தப் பெண், "அம்மா, இந்தத் தீபாவளிக்கு எனக்குத் துணி வேண்டாம். டவுனுக்குப் போய் முடியை நேராக்கி விடுங்கள்" என்று கேட்டுவிட்டாள். தாய்க்குத் தூக்கம் போயிற்று.

முடி ஏன் சுருள்கிறது? தோலுக்கு உள்ளே முடி முளைக்கும் குழி நேராக இருந்தால் முடி நேராக வரும். குழி வளைந்திருந்தால் முடியும் வளைந்தே வெளிவரும். இது பிறவியில் அமைவது. எண்ணெய் வைக்காததாலோ, தாய் சரியாக வாராததாலோ வருவது அன்று. தலைத்தோலில் ஊறும் இயற்கை எண்ணெய் கோரை முடியில் சறுக்கிக்கொண்டு நுனிவரை இறங்கிவிடும். சுருட்டை முடியில் வளைவுக்கு வளைவு தடை. அதனால் வேரில் பிசுபிசுப்பும் நுனியில் வறட்சியும் ஒரே தலையில் இருக்கும்.

பால்மரம் வெட்டிய குடும்பங்களுக்கு இன்னொன்றை எளிதாகச் சொல்லலாம். ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால்தான் அது டயர் செய்யும் அளவுக்கு உறுதிப்படும். இதைச் சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டுபிடித்தார். நம் முடியையும் உள்ளுக்குள்ளே கந்தகக் கட்டுகள்தாம் பிடித்து நிறுத்துகின்றன. அவற்றோடு, தண்ணீர் பட்டால் அவிழ்ந்து, காய்ந்ததும் திரும்பச் சேரும் இலேசான கட்டுகளும் உண்டு. ஈரத்தில் முடி தொங்குவதும், காயும்போது மேலேறிச் சுருங்குவதும் இதனால்தான். நம் நாட்டுக் காற்றில் எப்போதும் ஈரம் இருப்பதால், வாரி முடித்த தலைகூட நண்பகலுக்குள் பூத்து நிற்கிறது. இப்படிப் பூப்பதைத்தான் ஆங்கிலத்தில் ஃபிரிஸ் என்கிறார்கள்.

இப்போது அந்த ஆங்கிலச் சொற்களுக்கு வருவோம். பிள்ளைகள் கைத்தொலைபேசியில் பார்த்துவிட்டு 3ஏ, 4பி என்று பேசுகிறார்கள். இது முடியின் தர வரிசை என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்காவில் ஆண்ட்ரே வாக்கர் என்ற சிகை அலங்காரக் கலைஞர் 1990களில் பரப்பிய கணக்கு அது. 1 என்றால் நேர் முடி, 2 நெளி, 3 சுருள், 4 மிக நெருக்கமான சுருள். எழுத்துகள் சுருளின் நெருக்கத்தைக் குறிக்கும். ஒரே தலையில் பிடரியில் ஒரு வகையும் நெற்றியில் வேறு வகையும் இருக்கலாம். ஆகவே எண்ணைத் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பொரோசிட்டி என்பது முடி எவ்வளவு தண்ணீரை உறிஞ்சும் என்பது. முடியின் மேல் மீன் செதிலைப் போல அடுக்கு இருக்கிறது. அடுக்கு இறுகியிருந்தால் தண்ணீர் மெதுவாக ஏறும். சாயத்தாலும் சூட்டாலும் அடுக்கு கிளம்பியிருந்தால் சீக்கிரம் ஏறி, சீக்கிரம் போய்விடும். ஒரு முடியைக் கிளாஸ் தண்ணீரில் போட்டு, மிதக்கிறதா மூழ்குகிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். முடியில் கொஞ்சம் எண்ணெய் இருந்தாலே அது மிதக்கும். அந்தச் சோதனையை நம்ப முடியாது.

பிரீ-பூ என்று ஒரு சொல். ஷாம்பு போடுவதற்கு முன் எண்ணெய் தடவி ஊற வைப்பது, அவ்வளவுதான்! நம் பாட்டிமார் சனிக்கிழமைதோறும் செய்ததற்கு இப்போது புதுப் பெயர். தேங்காய் எண்ணெய் முடிக்கு உள்ளே இறங்கிப் புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது என்று ஆராய்ச்சியிலும் கண்டிருக்கிறார்கள். லீவ்-இன் என்றால் தேய்த்தபின் அலசாமல் தலையிலேயே விட்டுவிடுவது. ஸ்கிரஞ்ச் என்றால் ஈர முடியை உள்ளங்கையில் அள்ளி மேல்நோக்கி அமுக்குவது. பிளாப்பிங் என்றால் ஈர முடியைப் பழைய பனியன் துணியில் சுருட்டிக் கட்டுவது. சொரசொரப்பான துண்டால் உலுக்கித் துடைத்தால் சுருள் கலைந்துவிடும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள்.

கோ-வாஷ் என்ற சொல்லில் மட்டும் கவனம் வேண்டும். ஷாம்புவை விட்டுவிட்டுக் கண்டிஷனரால் மட்டும் தலை அலசுவது அது. வெயிலில் வேர்த்து, மண்ணும் தூசியும் ஒட்டி வீடு திரும்புகிறவர்களுக்கு அது போதாது என்பது எங்கள் கருத்து. பொடுகு உள்ளவர்களுக்கும் ஆகாது. போத்தலில் சல்பேட் என்று கண்டால் நன்றாக நுரைத்து எண்ணெயை எடுக்கும் பொருள் என்று அறிந்துகொள்ளுங்கள். அதை வேரில் மட்டும் தேய்த்தால் நுனிக்கு நட்டமில்லை. டைமெத்திகோன் என்பதுபோலக் கோன் என்று முடியும் பெயர்கள் பெரும்பாலும் சிலிக்கோன் வகை. முடிக்கு மேல் வழவழப்பாகப் படியும், தண்ணீரில் எளிதில் போகாது. விஷமும் இல்லை, அமுதமும் இல்லை.

முடியை நேராக்குவது வேறு சங்கதி. ரிலாக்ஸர் என்ற மருந்து, நாம் முன்பு சொன்ன கந்தகக் கட்டுகளையே உடைக்கிறது. சில வகைகளில் இருப்பது காஸ்டிக் சோடா, சவர்க்காரம் காய்ச்சும் அதே காரம். தலைத்தோலில் பட்டால் புண்ணாகிவிடும். கெராட்டின் என்ற பெயரில் செய்யும் சிலவற்றைச் சூடாக்கும்போது ஃபார்மால்டிஹைட் ஆவி கிளம்புகிறது. அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் அறிவித்தது. அமெரிக்காவில் 33,000க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடத்தி 2022இல் வெளியான ஆய்வில், இத்தகைய மருந்தை அடிக்கடி பயன்படுத்தியவர்களிடம் கருப்பைப் புற்றுநோய் கூடுதலாகக் காணப்பட்டது. மருந்துதான் காரணம் என்று அந்த ஓர் ஆய்வை வைத்து முடிவுகட்ட முடியாது. என்றாலும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எதற்கு? இத்தனைக்கும் பிறகு, வேரிலிருந்து வருகிற புது முடி சுருண்டுதான் வரும். குழி மாறவில்லையே!

அந்தத் தாய் டவுனுக்குப் போகவில்லை. பெரிய பல் வைத்த சீப்பு ஒன்று வாங்கினார். குளிக்கும்போது, முடி ஈரமாகக் கண்டிஷனரோடு வழுக்கும் நேரத்தில், நுனியில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலேறிச் சிக்கெடுக்கிறார். இரவில் தளர்வாகப் பின்னிவிட்டால் காலையில் சீப்பே வேண்டாம், கையில் தண்ணீர் தொட்டுத் தடவினால் சுருள் எழுந்து நிற்கிறது. காலைச் சண்டை ஓய்ந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு இரட்டைச் சடைதான். "இறுக்கிப் பின்னாதீங்கம்மா, நெற்றியோரம் முடி கழன்றுவிடும்" என்று இப்போது மகள்தான் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்கிறாளாம்.