தவணையும் வாக்கும்

தமிழகத்திற்கு வெளியே வாழும் நம் இல்லங்களில் ஒரு செய்தி திடுமென வந்து நிற்பதுண்டு. மகன் வங்காளிப் பெண்ணை மணக்க விரும்புகிறான். அல்லது மகள் பஞ்சாபி இளைஞரைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். கல்வியிலும் பதவியிலும் உயர்ந்த குடும்பம். சாதி வேற்றுமையை மேடையில் கண்டிக்கும் குடும்பம். ஆயினும் அன்று வீட்டில் பேச்சு அடங்கிவிடுகிறது. "ஊரில் என்ன சொல்வார்கள்?" என்பது முதற்கவலை. "கொஞ்ச காலம் போகட்டும்" என்பது முதல் விடை.

இந்த விடையைப் பற்றித்தான் இன்று நாம் சிறிது சிந்திக்க விரும்புகிறோம்.

காந்தியடிகளின் இளைய புதல்வர் தேவதாஸ், 1918 ஆம் ஆண்டில் இந்தி கற்பிக்கச் சென்னைக்கு வந்தவர். பின்னாளில் ராஜாஜியின் மகள் லட்சுமியும் அவரும் ஒருவரையொருவர் விரும்பினர். அவர் குஜராத்தி வணிகர் குலம். லட்சுமி தமிழ் அந்தணர் குலம். மணமகள் உயர்ந்த வருணத்தவளாக இருக்கும் மணத்தைப் பிரதிலோமம் என்று கூறி மரபு கடுமையாக விலக்கியது. அப்போது லட்சுமிக்கு வயது 15.

தந்தையர் இருவரும் ஒரு நிபந்தனை விதித்தனர். ஐந்து ஆண்டுகள் ஒருவரையொருவர் காணாமல் இருக்கவேண்டும். அதன் பின்னும் அன்பு மாறாதிருந்தால் மணம் நடக்கலாம். அன்பு மாறவில்லை. 1933 ஜூன் மாதம் புனே நகரில் திருமணம் நடந்தது. காந்தியடிகள் தமது 21 நாள் உண்ணாநோன்பை முடித்துச் சில வாரங்களே ஆகியிருந்தன.

ஐந்து ஆண்டுப் பிரிவு கொடுமை என்று இன்றைய இளைஞர் கூறலாம். அதை நாம் மறுக்கமாட்டோம். ஆனால் இரண்டு செய்திகளைக் கருதவேண்டும். பெண்களை மிக இளமையிலேயே மணம் செய்து கொடுப்பது அந்நாளைய வழக்கம். மகளை அத்தனை ஆண்டுகள் மணமின்றி வைத்திருந்ததே ராஜாஜி வழக்கத்தை மீறிய செயலாகும். அடுத்தது இதனினும் பெரிது. நிபந்தனை இளையோரை மட்டும் கட்டவில்லை, பெரியோரையும் கட்டியது. தவணை முடிந்தபின் அவர்கள் சொல் தவறவில்லை.

நம் வீடுகளில் கேட்கப்படும் "கொஞ்ச காலத்திற்கு" எல்லை ஏது? மூத்தவள் மணம் முடியட்டும், பாட்டியின் காலம் கழியட்டும் என்று அது நீண்டுகொண்டே போகிறது. இளையோர் மனம் சலித்து விலகவேண்டும் என்பதே பல வேளைகளில் அதன் உட்கருத்து. மறுப்பை வாய்விட்டுச் சொல்ல நாணுகிறோம். ஆகவே காலத்தின் மீது சுமத்துகிறோம். 1954 ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம் கேட்பது 30 நாள் முன்னறிவிப்பு. நாம் கேட்பதோ கணக்கில்லாத நாட்கள்.

பேரக்குழந்தைகள் எந்த மொழி பேசுவர் என்ற பெற்றோரின் ஏக்கம் பொய்யன்று. அதனை வெளிப்படையாகவே பிள்ளைகளிடம் சொல்லலாம். சிந்திக்கக் காலமும் கேட்கலாம். கேட்கும்போது, எத்தனை மாதம் என்பதையும், அது முடிந்தபின் நாம் என்ன செய்வோம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடவேண்டும்.

தேவதாஸ் 1957 இல் மறையும்வரை தில்லியில் நாளிதழ் ஆசிரியராக விளங்கினார். லட்சுமி அம்மையாரும் நம்மைப் போலவே தமிழகத்திற்கு வெளியே இல்லறம் நடத்தியவர். அவ்வில்லறத்திற்கு அடித்தளமாக இருந்தது, பெரியோர் இருவர் காத்த வாக்கு.