ஒலிபெருக்கி எது? ஒரு சிறு மின்சுற்று தரும் சொற்பாடம்



கோயில் திருவிழாக்களில் உயரக் கட்டப்படும் கூம்பை நாம் ஒலிபெருக்கி என்கிறோம். ஆனால், அது தன்னிடம் வரும் மின்குறிகைக்கு ஆற்றல் எதனையும் சேர்ப்பதில்லை; மின்னோட்டத்தை ஒலியாக மாற்றுவதே அதன் தொழில். ஆற்றலைச் சேர்ப்பது மேசைக்கடியில் இருக்கும் பெட்டி. அதனையோ நாம் 'ஆம்ப்ளிஃபையர்' என்றே அழைத்து வருகிறோம்.

இவ்வேறுபாட்டை அகராதியைவிடத் தெளிவாகக் காட்டவல்லது, மாணவர் ஒருவர் ஒரே மாலைப்பொழுதில் அமைத்துவிடக்கூடிய மின்சுற்று. அதன் நடுநாயகம், ஃபேர்சைல்டு நிறுவனம் 1968-இல் வெளியிட்ட 741 என்னும் எட்டுக்கால் சில்லு. இவ்வகைச் சில்லை 'ஆப்-ஆம்ப்' என்பர்; தமிழில் 'செயல்பாட்டு மிகைப்பி' எனலாம். கூட்டல், தொகையிடல் முதலிய கணிதச் செயல்களை மின்னழுத்தங்களைக் கொண்டு நிகழ்த்திய பழைய கணிப்பொறிகளில் பயன்பட்டதால் வந்த பெயர் அது. எனவே, 'செயல்' என்பது இங்குக் கணிதச் செயலையே குறிக்கும்.

இரண்டு 9 வோல்ட் மின்கலங்களைத் தொடராக இணைத்து, அவற்றின் நடுப்புள்ளியைப் பொதுமுனையாகக் கொள்வோம். நேர்முனை 7-ஆம் காலுக்கும் எதிர்முனை 4-ஆம் காலுக்கும் செல்லும். கைப்பேசியின் ஒலிக்குறிகை 3-ஆம் காலில் நுழையும். வெளியீடாகிய 6-ஆம் காலிலிருந்து 2-ஆம் காலுக்கு 10 கிலோ ஓம் மின்தடையம். 2-ஆம் காலிலிருந்து பொதுமுனைக்கு 1 கிலோ ஓம் மின்தடையம். மிகைப்பு 1 + 10/1, அதாவது 11 மடங்கு. தன்னளவில் ஏறத்தாழ 2 இலட்சம் மடங்கு மிகைக்கவல்ல சில்லை இவ்வளவில் நிறுத்துவது, வெளியீட்டின் ஒரு பகுதியை எதிராகத் திருப்பியளிக்கும் பின்னூட்டம். மிகைப்பை இழந்து, திரிபற்ற ஒலியைப் பெறுகிறோம்.

இனி, 8 ஓம் 'ஒலிபெருக்கி'யை 6-ஆம் காலில் நேரே இணைத்தால் மெலிந்து சிதைந்த ஒலியே எழும். சில்லு தரக்கூடிய மின்னோட்டம் சுமார் 25 மில்லி ஆம்பியர். 8 ஓமில் அது 0.2 வோல்ட் மட்டுமே. இடையில் ஒன்றுக்கொன்று எதிர்வகையான இரு டிரான்சிஸ்டர்களை அமைத்து, பின்னூட்டத்தை அவற்றின் வெளியீட்டிலிருந்து எடுத்தால் அறையெங்கும் ஒலி கேட்கும். பெருக்கியது எது என்பது அப்போது மாணவருக்கு ஐயமின்றி விளங்கும்.

மலேசியத் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் மின்கலம், மின்குமிழ், தொடர் மின்சுற்று, இணை மின்சுற்று ஆகியவற்றைத் தமிழிலேயே கற்கின்றனர். இடைநிலைப்பள்ளியில் அறிவியல் வேறு மொழிக்கு மாறிவிடுகிறது. சொற்கள் வளரவேண்டிய பருவத்தில் அவை நின்றுவிடுகின்றன. எஞ்சும் ஒரு சொல்லும் பொருளைத் திரித்துக் காட்டினால், தமிழில் சிந்திக்க முயலும் மாணவர் தடுமாறுவார். குறை மொழியினது என்றும் எண்ணிவிடுவார்.

ஆதலால் நாம் முன்வைப்பது இது: ஆற்றலைக் கூட்டும் சுற்று, மிகைப்பி, ஒலியை எழுப்பும் கூம்பு, ஒலியாக்கி, இரண்டும் சேர்ந்த முழு அமைப்புக்கு ஒலிபெருக்கி என்ற பழகிய பெயர் நிற்கட்டும். 'பெருக்கி' என்னும் தனிச்சொல் கணிதத்தில் வேறு பணியில் இருப்பதால் அதனை இங்கு இழுக்க வேண்டுவதில்லை. அறிவியல் கழகத்தில் மாணவர்கள் இச்சுற்றை அமைக்கும் நாளில் தமிழாசிரியரும் உடனிருந்து இச்சொற்களைப் பயன்படுத்திப் பார்க்கவேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.