காயல் துறையின் குதிரைகளும் காரில் செல்லும் நாய்களும்

முத்துக்குளித்தலால் புகழ் பெற்ற பாண்டிய நாட்டுக் கடற்கரையிலே காயல் என்பது பழைய துறைமுகம். காயல்பட்டினமும் பழையகாயலும் அப்பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றன. அங்கிருந்து கடல் கடந்து சென்ற பொருள் முத்து. கடல் கடந்து வந்த பொருள்களுள் தலையாயது எது என்று கேட்டால், குதிரை என்றே நான் விடை கூறுவேன்.

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, ஹோர்முஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து குதிரைக் கப்பல்கள் காயலுக்கு வந்ததைக் குறித்திருக்கிறார். ஹோர்முஸ் நாட்டுக் கப்பல்களுக்கு மேல்தளம் இல்லை. சரக்கின்மீது தோலைப் பரப்பி, அதன்மேல் குதிரைகளை ஏற்றினார்கள். ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார் என்றும், வழியில் இறந்த குதிரைக்கும் பாண்டியனுடைய கருவூலமே விலை கொடுத்தது என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப் எழுதுகிறார்.

இவ்வளவு பொன் கொடுத்து வாங்கிய குதிரைகள் என்னவாயின? ஆண்டு முடிவில் மிகச் சிலவே எஞ்சின என்கிறார் மார்க்கோ போலோ. குதிரையின் இயல்பறிந்து பேணுவார் இல்லாமையே காரணம் என்பது அவர் கருத்து. விலை உயர்ந்தது என்பதனால் ஓர் உயிர் காக்கப்படுவதில்லை. அதன் இயல்பை அறிந்தால்தான் காக்கப்படும்.

இன்று நம் வீட்டு நாய்கள் காரில் பயணம் செய்கின்றன. அவற்றிடம் நமக்கு அன்பு உண்டு. அறிவும் வேண்டும் அன்றோ?

முதலாவது, வேகம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் எதிலாவது மோதி நின்றால், உள்ளே கட்டப்படாத நாய் அதே வேகத்தில் முன்னோக்கிப் பாயும். அந்த அடி ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். பௌதிகம் பயிலும் மாணவர்கள் இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆதலின் பின்னிருக்கையில், மார்பைச் சுற்றிய பட்டையினால் நாயைப் பிணைக்க வேண்டும். கழுத்துப்பட்டையில் பிணைத்தால் கழுத்தே முறியக்கூடும். அசையாதபடி பொருத்திய, காற்றோட்டமுள்ள கூண்டும் நன்று. ஓட்டுபவர் மடியும், காற்றுப்பை வெடித்து விரியும் முன்னிருக்கையும் நாய்க்கு உரிய இடங்கள் அல்ல.

இரண்டாவது, வெப்பம். நமக்கு உடல் முழுவதும் வியர்க்கிறது. நாய்க்கோ பாதங்களில் மட்டுமே சிறிது வியர்க்கும்; நாக்கை நீட்டி இளைத்துத்தான் அது தன் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். சுற்றியுள்ள காற்றே கொதித்தால் இளைப்பதனால் என்ன பயன்? வெயிலில் மூடி நிறுத்திய காரின் உட்புறம் ஒரு மணி நேரத்தில் 20 டிகிரி செல்சியஸுக்கு மேலும் சூடேறும். அதில் பெரும்பகுதி முதல் அரை மணியிலேயே ஏறிவிடும். கண்ணாடியைச் சிறிது இறக்கி வைப்பதால் பெரும் பயன் இல்லை என்பதும் சோதனையில் கண்ட உண்மை. தூத்துக்குடி வெயிலில், "ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவேன்" என்று நாயைக் காரில் அடைத்துச் செல்வது பெருங்கேடு. சப்பை மூக்கு நாய்களுக்கு ஆபத்து இன்னும் மிகுதி.

மூன்றாவது, வழிநடை. புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பே உணவை முடித்துவிடுங்கள். இரண்டு மணிக்கொருமுறை நிழலில் நிறுத்தித் தண்ணீர் கொடுங்கள். கதவைத் திறக்குமுன் கயிற்றைக் கையில் பிடியுங்கள். சாலையில் குதித்து ஓடிய நாயை மீட்பது அரிது. திருச்செந்தூர்ச் சாலையில் சன்னலுக்கு வெளியே தலை நீட்டிச் செல்லும் நாய்களை நான் கண்டிருக்கிறேன். காண அழகுதான்; ஆனால் பறந்து வரும் ஒரு மணல் துகள் கண்ணைப் புண்ணாக்கிவிடும்.

விலங்குகளைத் துன்புறும் வகையில் கொண்டு செல்வது 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 1978-ஆம் ஆண்டு விதிகளில் நாய்களைக் கொண்டு செல்வதற்குத் தனிப் பகுதியே உண்டு. ஆயினும் சட்டம் ஒவ்வொரு காரிலும் ஏறி வர இயலாது. காரை ஓட்டுபவர் பெரியவராயிருக்கலாம். பின்னிருக்கையில் நாயின் அருகே அமர்பவர்கள் பெரும்பாலும் மாணவர்களாகிய நீங்களே. அதன் மூச்சு விரைவதையும், வாயில் நுரை தள்ளுவதையும் முதலில் காண்பவர்களும் நீங்களே. கண்டவுடன் காரை நிறுத்தச் சொல்லுங்கள். வாயில்லா உயிருக்காகச் சொல்லும் அந்த ஒரு சொல் அதன் உயிரைக் காக்கும்.